உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு என்பன, கருவில் சிசுவின் முகம் உருவாகுங் காலத்தில் ஒன்றோடொன்று கூட வேண்டிய பாகங்கள் கூடாது நின்றுவிடுவதனால், மேலுதட்டிலோ, மேல்வாயிலோ, இரண்டிலுமோ பிறவியிலேயே காணப்படும் இடைவெளிகளாம். உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒன்று இவ்வாறு பிறக்கிறது. உதட்டின் விளிம்பில் சிறு வெட்டாக மட்டும் இருப்பதும் உண்டு. நாசித் துவாரம்வரை ஏறி, ஈற்றைப் பிளந்து, உள்நாக்குவரை நீள்வதும் உண்டு. ஒருபக்கப் பிளவு வலப்புறத்தைவிட இடப்புறத்திலேயே அதிகம். உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடத்தும், அண்ணம் மட்டும் பிளந்திருத்தல் பெண் குழந்தைகளிடத்தும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

கரு உண்டான நான்காம் வாரத்தில், நெற்றிப் புறத்திலிருந்து ஒன்றும், மேல்தாடைக்கு இரண்டும், கீழ்த்தாடைக்கு இரண்டுமாக ஐந்து முகிழ்ப்புக்கள் தோன்றி, நடுநோக்கி வளர்ந்து கூடுவதே முகம் அமையும் விதம். ஏழாம் வாரம் முடிவதற்குள் மேலுதடு முழுமையாகிவிடுகிறது. அதன்பின், நாவின் இரு மருங்கிலும் செங்குத்தாகத் தொங்கிய அண்ணத் தகடுகள், நாக்குத் தாழ்ந்ததும் மேலெழுந்து, நடுவில் ஒட்டி, பன்னிரண்டாம் வாரத்துக்குள் வாயையும் மூக்கையும் பிரித்துவிடுகின்றன. கர்ப்பம் தரித்ததைப் பல பெண்கள் நிச்சயப்படுத்திக்கொள்ளும் நாட்களிலேயே, உதட்டைப் பொறுத்தவரை, யாவும் நடந்து முடிந்துவிடுகின்றன.

ஆகவே, ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ வந்த கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததனாலும், அன்று அரிவாள்மணையில் காய் நறுக்கியதனாலும் குழந்தையின் உதடு பிளந்தது என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுவதற்குச் சிறிதும் ஆதாரமில்லை. கடல்களுக்கு அப்பால் மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களும், சந்திரனின் முகத்தில் ஒரு துண்டு கடிபட்டதே கிரகணம் என்று கருதி, அதைக் கண்ட கர்ப்பிணியின் சிசுவுக்கும் வாயில் அவ்வாறே நேரும் என்று அஞ்சினார்கள். காரணம் தெரியாத துக்கத்துக்குக் காரணம் தேடும் மனித சுபாவம் இயல்பானதே; ஆயினும், பிரசவ வேதனை ஆறாத ஒரு பெண்ணைச் சூழ்ந்து நின்று, எந்த நாளில் என்ன செய்தாய் என்று விசாரிப்பது கொடுமையன்றி வேறில்லை.

மெய்யான காரணம் ஒன்றன்று. பரம்பரைக் கூறுகள் பலவும் சூழ்நிலையும் சேர்ந்தே இதனை விளைவிக்கின்றன. பெரும்பாலான குழந்தைகளில் இன்னதுதான் என்று ஒன்றைச் சுட்ட இயலாது. கர்ப்பிணி புகைபிடித்தல், கட்டுப்படாத நீரிழிவு, வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட், டோபிரமேட் போன்ற சில மருந்துகள் ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. (இம்மருந்துகளைத் தாமாக நிறுத்துவது அதனினும் பெரிய ஆபத்து, கருத்தரிக்குமுன் வைத்தியரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.) வேறு குறைகளோடு சேர்ந்து வரும் பிளவுகளும் உள்ளன, அதிலும் அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைகளுக்கு இருதயம் முதலியவற்றையும் பரிசோதிப்பது அவசியம்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணம் மட்டும் பிளந்திருப்பது அநேகமாகப் பிரசவத்தின் பின்னரே தெரியவரும். முன்னரே அறிந்த பெற்றோர், சிகிச்சை பெற்று வளர்ந்த குழந்தைகளைப் பார்க்கவும், பாலூட்டும் முறையைக் கற்கவும் அந்த மாதங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் வாரங்களின் தலையாய காரியம் பாலூட்டுவதே. உதடு மட்டும் பிளந்த சிசு பெரும்பாலும் தாயின் மார்பிலேயே குடித்துவிடும். அண்ணம் பிளந்த சிசுவோ, வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகாததனால், எத்தனை நேரம் மார்பில் கிடந்தாலும் வயிறு நிறையாமல் களைத்துத் தூங்கிவிடுகிறது. தாயோ தனக்குப் பால் போதவில்லை என்று கலங்குகிறாள். பாலைப் பீய்ச்சியெடுத்து, குழந்தையைத் தலை உயர்த்திப் பிடித்து, பாலாடையாலோ கரண்டியாலோ அமுக்கினால் பால் வரும் மெல்லிய புட்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்டி, நடுநடுவே தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும். ஒரு வேளைப் பால் அரைமணி நேரத்துக்குள் முடிவது நல்லது; அதற்கு மேற்பட்டால், குடித்த பாலின் சக்தி குடிக்கும் பிரயாசையிலேயே செலவாகிவிடும். மூக்கின் வழியாகப் பால் வருவது கண்டு பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டுத் தொடரலாம். வாரந்தோறும் எடை பார்த்துவருவதே போஷாக்குப் போதுமா என்பதற்கு அளவுகோல்.

உதட்டுக்கான சஸ்திர சிகிச்சை சாதாரணமாக மூன்றாம் மாதத்தில் நடைபெறுகிறது. பத்து வாரம், பத்து ராத்தல் எடை, ரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் என்ற பழைய கணக்கு இன்றும் வழக்கில் உண்டு. உதட்டின் ஒரு பகுதியைச் சுழற்றி இறக்கி, மறுபகுதியை முன்கொணர்ந்து பொருத்தும் முறையை, அமெரிக்கரான ரால்ஃப் மில்லார்ட் 1955 இல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேச மகாநாட்டில் வெளியிட்டார். இன்றைய முறைகள் பலவும் அதன் வழிவந்தவையே. தென்னாட்டில், திருச்சூர் ஜூபிலி மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அடேன்வாலா பல பத்தாண்டுகள் இத்தொண்டை ஆற்றினார். அண்ணத்தை ஒன்பது முதல் பதினெட்டு மாதங்களுக்குள் தைத்துவிடுவது, பேச்சுப் பழகுமுன் வாயும் மூக்கும் பிரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே.

உதடு கூடி முகம் அழகானதும் சிகிச்சை முடிந்ததென்று எண்ணி, அண்ணத்தை அப்படியே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு, இது பெருந்தவறு. அண்ணம் தைத்த பின்னும் பல குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படும். நடுச்செவியில் நீர் கோத்துக் காது மந்தமாவது சகஜமாதலால் செவிப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. ஈறும் பிளந்திருந்தால், எட்டு முதல் பதினோரு வயதுக்குள் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து அவ்விடத்தை நிரப்புவர்; பல்வரிசையைத் திருத்துவது அதைத் தழுவி வரும்.

பிளவில்லாத பெற்றோருக்கு ஒரு குழந்தை இவ்வாறு பிறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கும் அது நேரக்கூடிய சாத்தியம் நூற்றுக்கு ஏறக்குறைய 4 தான். கீழுதட்டில் இரு சிறு குழிகள் காணப்படும் குடும்பங்களில் மட்டும், அது பாதிக்குப் பாதியாக வழிவழி வரும் வகையாதலால், மரபியல் ஆலோசனை கேட்பது நலம். கருத்தரிக்குமுன்னரே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்வது முதுகுத்தண்டுக் குறைகளைத் தடுப்பது நிச்சயம். உதட்டுப் பிளவைத் தடுக்குமா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமுகப்படவில்லை.

இந்திய அரசு 2013 இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் திட்டத்தில் இப்பிளவுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பிறந்தது முதல் 18 வயதுவரை சிகிச்சை இலவசம். பெற்றோரே, காத்திராமல், பிரசவமான வாரத்திலேயே மாவட்டத்தின் ஆரம்ப இடையீட்டு மையத்துக்குக் குழந்தையைக் கொண்டுசெல்லுங்கள்.