சிறுநீரகத் தொற்றும் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பும் (உத்திரமேரூர் வட்டாரம்)

சிறுநீரகத் தொற்று என்பது கிருமிகள் சிறுநீரகத்தின் சதையையும் உட்குழிவையும் பற்றி அழற்சி உண்டாக்கும் நோய். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு என்பது சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ சிறுநீரகம் கழிவு பிரிக்கும் வேலையைக் கைவிடும் நிலை. முன்னது பின்னதில் கொண்டுபோய் விடுவது உண்டு, எப்போதும் விடுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், ஏரிப் பாசன நெல்வயல்கள் சூழ்ந்த உத்திரமேரூர் வட்டாரத்தையும் அது முன்பு அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையும் முன்வைத்து, இவ்விரண்டின் வரலாறு இங்குத் தொகுக்கப்படுகிறது. சான்றுகளில் பெரும்பாலானவை சென்னை, வேலூர் மருத்துவமனைகளிலிருந்து கிடைப்பவை.

நோயின் போக்கு

பெரும்பாலான சிறுநீரகத் தொற்றுகள் கீழிருந்து மேலேறுபவை. குடலில் வாழும் ஈ. கோலி என்ற நுண்ணுயிர் சிறுநீர்ப் பாதை வழியாகச் சிறுநீர்ப்பையை அடைந்து, அங்கிருந்து சிறுநீரகத்துக்கு ஏறும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி ஆகியவை அறிகுறிகள். ஊர்ப் பேச்சில் இதன் தொடக்கம் ‘நீர்க்கடுப்பு’. வெயில் காலத்தில் ‘சூடு பிடித்துக்கொண்டது’ என்பார்கள். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவதும், தொப்புளில் விளக்கெண்ணெய் இடுவதும், நீராகாரமும் இளநீரும் குடிப்பதும் வழக்கமான கைவைத்தியங்கள். இவற்றில் கடைசி இரண்டால் உடலில் நீர் கூடுகிறது என்ற அளவில் பயன் உண்டு. வயல்வேலைக்குப் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லாததால் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தொற்றுக்கு வழிவிடும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

இரு சிறுநீரகமும் நலமாக உள்ள ஒருவருக்குத் தொற்று மட்டுமே செயலிழப்பை உண்டாக்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அரிதாக உண்டாக்கும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. கல் அடைத்திருப்பது, நீரிழிவு, கர்ப்பம், முதியவர்களின் புரோஸ்டேட் வீக்கம், ஒற்றைச் சிறுநீரகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் நிலைமை மாறும். கிருமி இரத்தத்தில் கலந்து இரத்த அழுத்தம் விழுந்தால், சிறுநீரக நுண்குழல்கள் இரத்தம் போதாமல் மடிகின்றன. வாந்தியால் உடல் வறண்டிருக்கும்போது மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் வலிமாத்திரை அந்த இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும். கிருமியைக் கொல்லத் தரப்படும் ஜென்டாமைசின் போன்ற ஊசிகளும் அளவு தப்பினால் சிறுநீரகத்தைத் தாக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்திலேயே வாயு உண்டாக்கும் கடுமையான தொற்று வருவது உண்டு. 1898இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய் தமிழக மருத்துவமனைகளுக்குப் புதிதன்று.

தொற்று சிறுநீரகத்தில் இல்லாமலே சிறுநீரகம் பழுதாவதும் உண்டு. சிரங்கு புண்ணாகிச் சீழ் வைத்த பிள்ளைக்கு, சில வாரங்கள் கழித்து முகம் ஊதி, சிறுநீர் கறுத்துக் குறைவது இவ்வகை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிவதே காரணம். பெரும்பாலான பிள்ளைகள் தாமே தேறிவிடுகிறார்கள்.

பழைய பதிவுகள்

சித்த மருத்துவ நூல்கள் நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு, கல்லடைப்பு எனப் பிரித்துப் பேசுகின்றன. நெருஞ்சில், சிறுபீளை, வெள்ளரி விதை ஆகியவை இவற்றுக்கான சரக்குகள். இப்பெயர்களை இன்றைய நோய்ப் பெயர்களோடு ஒன்றுக்கொன்று பொருத்துவது பாதுகாப்பானதன்று. நீர்ச்சுருக்கு என்பதில் தொற்றும் அடங்கும், உடல் வறட்சியும் அடங்கும், செயலிழப்பும் அடங்கக்கூடும்.

உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றில் ஆண்டு வாரியம், தோட்ட வாரியத்தோடு ஏரி வாரியமும் இடம்பெறுகிறது. ஊர்த் தண்ணீரைக் காக்க ஒரு குழு இருந்தது என்பது தெரிகிறது. நோய் பற்றிய செய்தி அவற்றில் இல்லை.

இவ்வட்டாரத்தை ஒட்டி, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அப்படியல்ல. வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமாக நடந்த ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலையை (மருத்துவமனையை) அது விவரிக்கிறது. பதினைந்து படுக்கைகள்; ஒரு மருத்துவர்; அறுவை செய்பவர் ஒருவர்; மூலிகை கொண்டுவர இருவர்; நோயாளியைக் கவனிக்கப் பெண்கள் இருவர்; நாவிதர் ஒருவர்; தண்ணீர் கொண்டுவர ஒருவர். இரவு விளக்குக்கு எண்ணெயும், ஏலமும் இலாமிச்சை வேரும் இட்டு மணமூட்டிய தண்ணீரும் செலவுக் கணக்கில் இடம்பெற்றுள்ளன. ஆண்டு முழுவதற்கும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைப் பின்னாளைய ஆயுர்வேத மரபு உடல் வீக்கத்துக்கும் கொடுத்தது என்பதைக் கொண்டு, சிறுநீரக நோயாளிகள் இங்கு மருத்துவம் பெற்றிருக்கலாம் என்று சிலர் கருதுவர். கல்வெட்டு எந்த நோயையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.

குடியேற்ற ஆட்சிக் காலம்

1827இல் இலண்டனில் ரிச்சர்டு பிரைட், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், உடல் வீக்கம், பழுதான சிறுநீரகம் ஆகிய மூன்றையும் இணைத்துக் காட்டினார். அடுத்த பத்தாண்டில் பிரான்சின் பியேர் ரேயர் சீழ் கொண்ட சிறுநீரக அழற்சியைத் தனி நோயாகப் பிரித்தார். 1885இல் தியோடர் எஷரிக் ஈ. கோலியை விவரித்தார். இந்த அறிவு சென்னை மாகாணத்தின் கிராமக் கணக்குகளை எட்டவில்லை. பிறப்பு இறப்பை எழுதியவர் கிராம முன்சீப். அவருக்குத் தரப்பட்ட பத்திகள் காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்ற வகையில் அமைந்தவை. சிறுநீர் நின்று இறந்தவர்கள் காய்ச்சல் பத்தியிலோ ‘பிற காரணங்கள்’ பத்தியிலோ சேர்ந்துவிட்டார்கள். காலராவில் உடல் வறண்டு சிறுநீர் நிற்பதைக் கல்கத்தாவில் லியனார்டு ராஜர்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்து, உப்புநீரைச் சிரை வழியே ஏற்றினார்.

இயந்திரங்களின் வருகை

1941இல் இலண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கியவர்களின் சிறுநீரகம் பழுதானதை பைவாட்டர்ஸும் பீலும் விவரித்தனர். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செய்த, இரத்தத்தின் கழிவை வடிகட்டும் (டயாலிசிஸ்) சுழலும் உருளை இயந்திரம் 1945இல் முதல் நோயாளியைக் காப்பாற்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1960களில் டயாலிசிஸ் தொடங்கியது, 1971இல் கே. வி. ஜானி, மோகன் ராவ் குழுவினர் அங்கு வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தனர்.

இக்காலத்துத் திடீர்ச் செயலிழப்பு பற்றிய நீண்ட இந்தியப் பதிவு சண்டிகரிலிருந்து வருவது. 1965 முதல் 1986 வரை கே. எஸ். சுக் குழுவினர் தொகுத்த அதில், பிரசவம், கருச்சிதைவு சார்ந்த காரணங்களால் வந்தவர்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்து பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும், மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகியதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. தமிழகத்திலும் போக்கு இதை ஒத்தது. முன்பு மிகுந்திருந்த மயில்துத்த நஞ்சும் அரிதாகிவிட்டது. கண்ணாடி விரியன் கடி தொற்று அல்ல என்றாலும், நெல்வயல்களில் திடீர்ச் செயலிழப்புக்கு அது இன்றும் முக்கியக் காரணம். நஞ்சுமுறிவு மருந்துக்கான நஞ்சை, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது.

எலிக்காய்ச்சல் ஆண்டுகள்

தொற்றுக்கும் செயலிழப்புக்குமான தொடர்பு தமிழகத்தில் மிக விரிவாக ஆராயப்பட்டது எலிக்காய்ச்சலில்தான். 1886இல் அடால்ஃப் வைல் மஞ்சள்காமாலையும் சிறுநீரகப் பழுதும் சேர்ந்த காய்ச்சலை விவரித்தார். 1915–16இல் ஜப்பானின் இனாடாவும் இடோவும் அதற்குக் காரணமான லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவக் கிருமியைக் கண்டறிந்தனர். 1931இல் அந்தமானில் டெய்லரும் கோயலும் இந்நோயைப் பதிவு செய்தனர். அதன் பிறகு சென்னையில் நெடுங்காலம் அது பெரிதாகப் பேசப்படவில்லை.

1980களின் இறுதியிலிருந்து சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் சிறுநீரகவியல் துறை இதைத் தேடத் தொடங்கியது. மழைக்காலத்தில் காய்ச்சலும் காமாலையும் சிறுநீரகப் பழுதுமாக வந்தவர்களின் இரத்தத்தை, உயிருள்ள கிருமியோடு சேர்த்து நுண்நோக்கியில் பார்க்கும் திரட்டுச் சோதனைக்கு உட்படுத்தினர். எம். ஏ. முத்துசேதுபதி, எஸ். சிவகுமார் முதலானோரின் சென்னை ஆய்வு 1995இல் இந்திய மருத்துவர் சங்க இதழில் வெளிவந்தது. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலுடன் நிற்பவர்களுக்கு, தோலில் உள்ள கீறல் வழியே கிருமி புகுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, நாற்று நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களே நோய் மிகும் மாதங்கள். கன்றுகாலிப் பண்ணைகளில் இக்கிருமியை ஆராயும் பணி கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்தில் நடந்தது.

இந்நோயில் சிறுநீரகம் கெடும் விதம் பிற செயலிழப்புகளிலிருந்து சற்று வேறுபட்டது. கிருமி நுண்குழல்களிலும் அவற்றைச் சூழ்ந்த திசுவிலும் தங்குகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிக்கொண்டிருக்கும்போதும் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கலாம். ஆகவே ‘ஒன்றுக்குப் போகிறது, பயமில்லை’ என்று வீட்டார் காத்திருந்து, காலம் கடந்து வருவது உண்டு. பிற செயலிழப்புகளில் பொட்டாசியம் ஏறி இதயத்தை அச்சுறுத்தும். இதில் பல நேரம் குறைந்தே காணப்படும். பெனிசிலினும் டாக்சிசைக்ளினும் மலிவான மருந்துகள். தேவைப்பட்டவர்களுக்கு அன்று பெரும்பாலும் வயிற்றறை டயாலிசிஸ்: தொப்புளுக்குக் கீழே குழாய் செருகி, பாட்டில் பாட்டிலாகத் திரவத்தை உள்ளே விட்டு, சற்று நிறுத்தி, வடித்தெடுப்பது. இயந்திரம் வேண்டாம், ஆனால் பாட்டில் மாற்ற இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். தேறியவர்களின் சிறுநீரகம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது.

எத்தனை பேருக்கு உண்மையில் எலிக்காய்ச்சல் இருந்தது என்பதில் ஐயம் உண்டு. ஒரே ஒரு இரத்தச் சோதனையைக் கொண்டு முடிவு கட்டியதால் எண்ணிக்கை கூடியது என்போரும், சோதனை வசதி இல்லாத ஊர்களில் நோய் தெரியாமலே போனது என்போரும் உள்ளனர். இந்தச் சிக்கலைக் குறைக்கவே ஃபெய்ன் வகுத்த நோய்க்கணிப்பு மதிப்பெண் முறையைச் சிவகுமார் 2004இல் திருத்தி முன்வைத்தார். மழைத் தண்ணீரோடு தொடர்பு இருந்ததா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு.

கிராமத்தில் சிறுநீர்ச் சோதனை

1990களில் சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், எம். கே. மணியின் தலைமையில், நகருக்கு அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேரிடம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர், சிறுநீரைச் சோதித்தனர். சோதனைக் குழாயில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டால், அல்புமின் உள்ள சிறுநீர் பால்போல் கலங்கும். பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினால், சர்க்கரை ஏற ஏற நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாகும். சோதனைகளில் குறை தெரிந்தவர்களை மட்டும் மருத்துவர் பார்ப்பார். ரெசர்பின், ஹைட்ரலசின், தயசைடு, மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு என்ற விலை குறைந்த பழைய மருந்துகளே போதுமானவையாக இருந்தன. ஊர் மக்கள் அனைவருக்குமாகப் பங்கிட்டால், தலைக்கு ஆண்டுச் செலவு அரை அமெரிக்க டாலரை எட்டவில்லை.

இத்திட்டத்தின் நோக்கம் நாள்பட்ட செயலிழப்பைத் தடுப்பது. ஆனால் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் உள்ளவரின் சிறுநீரகம் ஒரு தொற்றைத் தாங்கும் அளவு, ஏற்கெனவே பாதி பழுதான சிறுநீரகம் தாங்காது. அந்த வகையில் திடீர்ச் செயலிழப்பின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. ஒரு டயாலிசிஸ் இயந்திரம் கூட இல்லாமல் நடந்த இந்த வேலையைப் பன்னாட்டுச் சிறுநீரக இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

மருந்துக்கு அடங்காத கிருமிகள்

2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் குமாரசாமி கார்த்திகேயன் முதலானோர் லான்செட் குழும இதழில், வலிமைமிக்க கார்பாபெனம் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதி கொண்ட நுண்ணுயிர்களைப் பற்றி எழுதினர். சென்னையில் 44, அரியானாவில் 26 மாதிரிகளில் அது கண்டறியப்பட்டது. சிறுநீர்த் தொற்றிலிருந்து எடுத்தவையும் அவற்றில் இருந்தன. நொதிக்குப் புதுதில்லியின் பெயரை வைத்தது சர்ச்சையானது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச் முதல் சில நுண்ணுயிர்க்கொல்லிகள் எச்1 அட்டவணையின் கீழ் வந்தன. நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் பதிந்த பிறகே கடைக்காரர் அவற்றை விற்கலாம்.

அண்மைக் காலம்

2012இல் வெளியான பன்னாட்டு வரையறை, 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. கூடினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, அழுத்த மாத்திரைகளையும் வீட்டு டயாலிசிஸ் பைகளையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. 2023இல் தமிழக உழவர்களிடம் நடந்த ஆய்வு ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குச் சிறுநீரகப் பழுதைக் கண்டது. அவர்களில் சுமார் பாதிப்பேருக்குச் சர்க்கரை, அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் இல்லை. வெயிலில் உடல் வறள்வதும், எப்போதோ வந்துபோன எலிக்காய்ச்சலும் காரணமாக இருக்கலாம் என்பவை கருதுகோள்கள். அதே ஆண்டில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் சிறுநீரக நோயைக் கண்டறியும் திட்டமும் வந்தது. அங்குச் செய்யப்படும் சிறுநீர்ச் சோதனை அல்புமின் கசிவைக் காட்டும். காய்ச்சலோடு வரும் திடீர்ச் செயலிழப்பை அறிய இரத்தத்தில் கிரியாட்டினினையும், ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் போனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.