தத்தெடுத்த குழந்தையோடு ஊருக்கு வரும் அந்த சில வாரங்கள்... வெளிநாடு வாழ் தம்பதிகள் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி. சொந்த ஊர் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில். பல வருஷக் காத்திருப்புக்குப் பிறகு மூன்றரை வயது பெண் குழந்தையைத் தத்தெடுக்க இந்தியா வருகிறார்கள். குழந்தை இருப்பதோ ஒடிசாவில் உள்ள ஒரு காப்பகத்தில். குழந்தைக்குத் தெரிந்த மொழி ஒடியா மட்டும். அங்கிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட், விசா வரும் வரை சங்கரன்கோவிலில் தாத்தா பாட்டி வீட்டில் தங்கலாம் என்பது திட்டம்.

இது கற்பனையான உதாரணம்தான். ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர்கள் தத்தெடுக்கும்போது கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கிறது. கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பதிலேயே பெற்றோரின் கவனம் முழுக்கப் போய்விடுகிறது. குழந்தையைப் பொறுத்தவரை கதை வேறு. இந்தப் புது ஆட்களை நம்பலாமா, வேண்டாமா என்று அது முடிவு பண்ண ஆரம்பிப்பது இதே வாரங்களில்தான்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

இந்தியாவில் இருந்து வெளிநாட்டுக்குப் போகும் எல்லா தத்தெடுப்பும் மத்திய தத்துவள ஆணையம், அதாவது 'கேரா' வழியாகத்தான் நடக்க வேண்டும். குழந்தையை வெளிநாட்டுக்குத் தத்து கொடுப்பதில் என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று 1984ல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்ததுதான் இதற்கு அடித்தளம். நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பு குறித்த ஹேக் ஒப்பந்தத்தை 2003ல் இந்தியா ஏற்றது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015 இளைஞர் நீதிச் சட்டமும், 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும்.

வெளிநாட்டில் வசித்தாலும் இந்தியக் குடியுரிமை இருந்தால், முன்னுரிமையில் இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சமமாகவே நடத்துவார்கள். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு அப்படி இல்லை. உள்நாட்டில் குடும்பம் கிடைக்காத குழந்தைகள்தான் அவர்களுக்குப் போகிறார்கள். அதிலும் 5 வயதுக்கு மேற்பட்டவர்கள், சகோதர சகோதரிகள், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளே அதிகம். 2024-25ல் கேரா மூலம் நடந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டுக்குள் நடந்தவை. மீதிதான் வெளிநாடு.

நீங்கள் வசிக்கும் நாட்டில் கேரா அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வீட்டு ஆய்வு செய்து விண்ணப்பத்தைப் பதிவு செய்யும். வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் ஹேக் ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு இந்தியத் தூதரகம்தான் வழி. குழந்தையை ஏற்றுக்கொண்ட பிறகு கேராவின் தடையின்மைச் சான்று வரும். அதன்பின் காப்பகம் இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் தத்து ஆணை பிறப்பிப்பார். முன்பு இது நீதிமன்றத்தின் வேலை. 2022 செப்டம்பரில்தான் ஆட்சியருக்கு மாறியது. கவனியுங்க, நம் உதாரணத்தில் அது ஒடிசா மாவட்ட ஆட்சியர். சொந்த ஊர் சங்கரன்கோவில் என்பதற்காக தென்காசி கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை.

ஆணைக்குப் பிறகு ஹேக் ஒப்பந்தப்படியான இணக்கச் சான்று, குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட், போகிற நாட்டின் விசா. ஆணை வருவதற்கு முன்பே குழந்தையோடு இருக்கவும் வழி இருக்கிறது. தடையின்மைச் சான்று வந்ததும், உறுதிமொழி எழுதிக் கொடுத்து, தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற முறையில் குழந்தையை இந்தியாவுக்குள் தற்காலிகமாக உடன் வைத்துக்கொள்ளலாம். லீவு கம்மி என்று இதைத் தவிர்த்துவிட்டு, கடைசி நேரத்தில் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு நேரே ஏர்போர்ட் போகிறவர்களும் உண்டு. முடிந்தவரை அதைச் செய்யாதீங்க.

ஏன்?

காப்பகத்தில் வளரும் குழந்தைக்கு 'அம்மா' என்பது ஒரு ஆள் இல்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் ஆயாக்கள். யார் வந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குழந்தையைப் பார்த்து, "பாரு, எப்படி உடனே ஒட்டிக்கிச்சு" என்று புதுப் பெற்றோர் சந்தோஷப்படுவார்கள். குழந்தை மனநல மருத்துவர்கள் இதை அப்படிப் பார்ப்பதில்லை. எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒட்டுகிற குழந்தைக்கு, யாரோ ஒருவர் தனக்கே உரியவர் என்பது இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சில குழந்தைகள் இரண்டு நாள் வாயே திறக்காது. சில குழந்தைகள் அம்மாவை ஏற்றுக்கொண்டு அப்பாவைக் கண்டாலே அலறும். காப்பகத்தில் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாம் பெண்களாக இருந்திருந்தால், மீசை வைத்த ஒரு ஆள் பக்கத்தில் படுப்பதே அதற்குப் புதுசு. இது அப்பாவின் மீதான வெறுப்பு இல்லை. அவர் மனம் ஒடிந்து ஒதுங்கிவிடாமல், தள்ளி உட்கார்ந்தாவது அதே அறையில் இருப்பது நல்லது.

சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பது, வயிறு நிறைந்த பிறகும் தட்டை விடாமல் இருப்பது, கீழே விழுந்து அடிபட்டும் அழாமல் எழுந்து போவது. இதையெல்லாம் பார்த்தால் திட்டக்கூடாது. அழுதால் யாரும் வருவார்கள் என்ற அனுபவம் அதற்கு இருந்திருக்காது. சில வாரம் கழித்து சின்னக் கீறலுக்கே ஓவென்று அழ ஆரம்பித்தால், அது நல்ல செய்தி.

இன்னொன்றையும் பெரும்பாலான குடும்பங்கள் எதிர்பார்ப்பதில்லை. நமக்கு அது வரவு, குழந்தைக்கு இழப்பு. பழகிய ஆயா, பக்கத்துக் கட்டில் தோழி, தினமும் கேட்ட மொழி எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. அந்தத் துக்கம் ராத்திரியில்தான் வரும்.

காப்பகத்தில் என்ன கேட்கணும்?

குழந்தையைப் பற்றிய நினைவு ஆல்பத்தைக் காப்பகம் தயாரித்துத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. படங்கள், வளர்ந்த கதை, பிடித்த விஷயங்கள் அதில் இருக்கும். ஒப்படைத்த பெற்றோரின் விவரம் இருக்காது. இதைக் கேட்டு வாங்குங்க. கூடவே சில சின்னக் கேள்விகள். எத்தனை மணிக்குத் தூங்கும்? என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க? எதைப் பார்த்தால் பயம்? சோறு எப்படிப் பிசைந்து கொடுப்பீங்க? குழந்தை போர்த்திய துணி ஒன்றைத் துவைக்காமல் வாங்கிக்கொள்வதும் உதவும். புது இடத்தில் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.

மொழிக்கு அகராதி தேவையில்லை. 'பசிக்குதா', 'தண்ணி', 'வலிக்குதா', 'தூக்கம்', 'நான் இங்கதான் இருக்கேன்' என்பது போல பத்துப் பதினைந்து சொற்களைக் குழந்தையின் மொழியில் காப்பகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம். பெயரை உடனே மாற்றாமல் இருப்பது நல்லது. ஆவணத்தில் புதுப் பெயர் வந்தாலும், வீட்டில் கொஞ்ச நாளைக்குப் பழைய பெயரையும் சேர்த்தே கூப்பிடுங்க. அதனிடம் சொந்தமாக இருப்பதே அந்தப் பெயர்தான்.

சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகு...

சிக்கல் இங்கேதான், அதுவும் பாசத்தின் பெயரால். மதுரை அல்லது தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கி, காரில் வந்து வீட்டு வாசலில் நிற்கும்போது ஆரத்தித் தட்டோடு முப்பது பேர். அத்தை தூக்குவார், சித்தப்பா தூக்குவார், பக்கத்து வீட்டு ஆச்சி கன்னத்தைக் கிள்ளுவார். "இனி எனக்கு இவங்க ரெண்டு பேர்தான்" என்று குழந்தை அப்போதுதான் கணக்குப் போட ஆரம்பித்திருக்கும். கை மாற மாற, காப்பகத்து ஷிஃப்ட் முறையே மறுபடி வந்துவிடுகிறது.

அதனால் முதல் சில வாரங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது நான்கையும் அம்மாவும் அப்பாவும் மட்டுமே செய்ய வேண்டும் என்று தத்தெடுப்பு ஆலோசகர்கள் சொல்கிறார்கள். இதைத் தாத்தா பாட்டியிடம் ஊருக்கு வரும் முன்பே போனில் பேசிவிடுங்க. வாசலில் வைத்துச் சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். "பேத்தியத் தூக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்று ஒரு பாட்டி கேட்பது நியாயமான கேள்வி. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. மருமகளோ மகளோ குழந்தையை விட்டு நகராமல் இருக்க, சமையலையும் வாசலுக்கு வருகிற கூட்டத்தையும் அவர்தான் சமாளிக்க வேண்டும். உள்ளபடியே அந்த வீட்டில் பெரிய உதவி அதுதான்.

கோமதி அம்மன் சன்னிதியில் மொட்டை, காது குத்து, சொந்தக்காரர்களுக்கு பிரியாணி விருந்து எல்லாம் ஆசைதான். ஆனால் முதல் வாரத்திலேயே வேண்டாம். தலைமுடியை மழிப்பதும் காதில் ஊசி போடுவதும், யாரை நம்புவது என்று தெரியாத குழந்தைக்குச் சடங்கு இல்லை, வலி மட்டும்தான். பயணம் ஆடி மாதத்தில் அமைந்தால், ஆடித் தபசுக் கூட்டத்துக்குள் குழந்தையைக் கூட்டிப் போவதையும் யோசித்துச் செய்யுங்க. சாயங்காலம் மொட்டை மாடியில் மூன்று பேராக உட்கார்ந்து பருப்புச் சாதம் ஊட்டுவது போதும். பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் குழந்தையைப் பயமுறுத்தினால், தூக்கிக்கொண்டு போய் தறியைக் காட்டிவிடுங்க. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் குறையும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்து, அதையும் பயணத்தில் கூட்டி வந்தால், அந்தப் பிள்ளைக்கும் தினமும் அரை மணி நேரம் தனியாகக் கொடுக்கணும். பெரும்பாலும் முதலில் சிரிக்க வைப்பது அந்த அக்காவோ அண்ணனோதான். விளையாட்டுக்கு மொழி வேண்டாமே.

"எங்க இருந்து எடுத்தீங்க? அம்மா யாரு? கலரே வேறயா இருக்கே?" என்ற கேள்விகள் குழந்தை முன்னாடியே வரும். "எங்க பொண்ணு" என்ற ஒரே பதில் போதும். அதற்கு மேல் உள்ள கதை குழந்தைக்குச் சொந்தம். அதை முதலில் கேட்க வேண்டியதும் குழந்தைதான்.

'ஊர்லயே ஒரு குழந்தை இருக்கு' என்றால்?

தத்தெடுக்க ஊருக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் இப்படி ஒரு தூது வருவதுண்டு. ஆஸ்பத்திரியில் யாரோ விட்டுட்டுப் போன குழந்தை, பத்திரம் எழுதிக்கலாம், சீக்கிரம் முடிஞ்சிடும் என்பார்கள். முடியாது. கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தையை விதிகளை மீறிக் கொடுத்தாலோ வாங்கினாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பணம் கைமாறினால் குழந்தை விற்பனை என்ற தனிக் குற்றம், தண்டனையும் கூடுதல். கேராவின் சான்று இல்லாமல் அந்தக் குழந்தையைத் தத்துப் பிள்ளையாக வெளிநாடு கூட்டிப் போகவும் முடியாது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1990களின் கடைசியில் சென்னையின் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள், பொய் ஆவணங்களோடு தத்து நிறுவனம் வழியாக வெளிநாடுகளுக்குப் போனது 2005 வாக்கில் அம்பலமாகி, சிபிஐ விசாரணை வரை சென்றது. அங்கே வளர்த்தவர்களுக்கும் அது தெரியாது. பெற்றவர்கள் பல வருஷம் தேடினார்கள். ஆதரவில்லாத குழந்தை எதையாவது பார்த்தால் 1098க்கு அழைத்து, குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைப்பதுதான் சரியான வழி.

விமானம் ஏறிய பிறகும் கேரா விட்டுவிடாது. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வெளிநாட்டு நிறுவனம் வீட்டுக்கு வந்து குழந்தை எப்படி இருக்கிறது என்று அறிக்கை அனுப்பும். ஒட்டுதல் வரவில்லை, தூக்கமில்லை, அடம் அதிகம் என்றால் அவர்களிடம் மறைக்க வேண்டாம். ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வது அவர்களுடைய பொறுப்புதான். சங்கரன்கோவில் பாட்டியோ, முதல் மாதம் தூக்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து, அடுத்த லீவுக்குத் தூக்கிக்கொள்ளலாம்.