'போர்ட்': ஒரு சொல், இரு வழி

முதல் அபினிப் போரில் தோற்ற சீனம், 1842-ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் கான்டன், அமோய், ஃபூச்சௌ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து 'போர்ட்'டுகளைப் பிரித்தானிய வணிகர்க்குத் திறந்துவிட நேர்ந்தது. துறைமுகம் எனப் பொருள்படும் இச்சொல், 'போர்ட்டுஸ்' என்னும் இலத்தீன் வழியது. கணினி வலையமைப்பின் 'போர்ட்' அதுவன்று. வாயிலைக் குறிக்கும் 'போர்ட்டா'வின் வழிவந்தது. ஒரு கணினியை வந்தடையும் தரவு எந்நிரலுக்கு உரியதென உணர்த்தும் 0 முதல் 65535 வரையிலான எண் அது. இலத்தீனில் இரண்டும் ஓரடியினவேனும் பொருளால் வேறாயின. இவ்வேறுபாட்டை நோக்காது பின்னதையும் 'துறை' எனப் பெயர்ப்பாருளர். அகப்புறத் துறைகள், அரசுத் துறைகள் என முன்னரே சுமை மிகுந்த சொல் அது (நம் தமிழ்த்துறையும் அதனுள் அடக்கம்). 'வாயில்' என்பதே பொருந்தும். தலைவன் தலைவியரிடையே செய்தி கொண்டு செல்வாரையும் தொல்காப்பியம் வாயில்கள் என்றே வழங்குகிறது.