1988 மார்ச்: ஒரு கம்பனி மனம் மாறிய 20 நாள்

இரசாயனவியல் படிக்கிற எங்கட நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. பெரிய இரசாயனக் கம்பனியில வேலை கிடைச்சால் போறதா, விடுறதா? உள்ளுக்குப் போய் மாத்தலாம் எண்டு சொல்லுறது உண்மையா, இல்லாட்டி சம்பளத்துக்காக நாங்கள் சொல்லிக்கொள்ளுற சமாதானமா?

இதற்கு ஒரு வரலாற்றை வைத்துப் பதில் தேடுவோம். ஓசோன் படை பற்றிப் பாடசாலையில் எல்லாருமே படித்திருக்கிறோம். அந்தப் பாடத்தில் வராத பகுதி, வாயுவைத் தயாரித்த கம்பனிக்குள் நடந்தது.

1920களில் ஃபிரிட்ஜுகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு போன்ற வாயுக்களே இருந்தன. ஒழுகினால் உயிராபத்து. 1928 இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியும் அவரது குழுவினரும் குளோரோபுளோரோகாபனை மாற்றாகக் கொண்டுவந்தார்கள். அதில் நஞ்சில்லை, அது எரியவும் எரியாது. 1930 இல் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, ஊதி ஒரு மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். டுபொன்ட் கம்பனி அதை 'ஃப்ரியோன்' என்ற பெயரில் விற்றது. அந்தக் காலத்து அளவுகோலில் அது பாதுகாப்பான கண்டுபிடிப்புத்தான்.

பிரச்சினை அதன் உறுதியிலேயே இருந்தது. கீழே எதனோடும் தாக்கமடையாத வாயு மெல்ல மெல்ல மேலே போய், படைமண்டலத்தில் புறஊதாக் கதிர் பட்டு உடைகிறது. வெளிவரும் ஒரு குளோரீன் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கிறது. 1974 இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் றோலண்டும் இதை 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள்.

அடுத்த வருடம் டுபொன்ட் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டது: நம்பத்தகுந்த ஆதாரம் வந்தால் உற்பத்தியை நிறுத்தத் தயார். இதை வாக்குறுதி எண்டும் சொல்லலாம், நாள் கடத்துற வழி எண்டும் சொல்லலாம். ஏனெண்டால் எது நம்பத்தகுந்தது என்று தீர்மானிக்கிற உரிமையைக் கம்பனி தன் கையிலேயே வைத்திருந்தது. 1980களின் தொடக்கத்தில், றேகன் ஆட்சிக்கு வந்து சட்டம் வரும் என்ற பயம் குறைந்ததும், மாற்று வாயு தேடும் ஆராய்ச்சியையும் அது குறைத்துக்கொண்டது.

இந்தக் கம்பனியில் 1983 இல் சேர்ந்தவர் மாக் மக்ஃபார்லண்ட். வளிமண்டல இரசாயனவியலாளர், முன்பு அமெரிக்க அரசின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். ஓசோன் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பதை நிர்வாகத்துக்கு விளக்குவது அவரது வேலை. 1985 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் துளையை அறிவித்தார்கள். 1986 இல் டுபொன்ட் சர்வதேசக் கட்டுப்பாட்டை ஆதரிப்பதாகச் சொன்னது. 1987 செப்டெம்பரில் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆனால் அது கேட்டது பாதிக் குறைப்பைத்தான், முழு நிறுத்தத்தை இல்லை.

இனி 1988 மார்ச். மூன்று அமெரிக்க செனட்டர்கள் பழைய வாக்குறுதியை ஞாபகப்படுத்தி டுபொன்டுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். மார்ச் 4 ஆம் திகதி கம்பனித் தலைவர் றிச்சர்ட் ஹெக்கர்ட் மறுத்துப் பதில் அனுப்பினார். பெரிய குறைப்புத் தேவை என்பதற்கு ஆதாரம் போதாது என்பதே அதன் சாரம். மார்ச் 15 இல் நாசா ஒருங்கிணைத்த விஞ்ஞானிகள் குழு தன் முடிவை வெளியிட்டது. அந்தாட்டிக்காவில் மட்டுமில்லை, வட அரைக்கோளத்தில் சனம் நெருக்கமாக வாழும் இடங்களுக்கு மேலேயும் ஓசோன் குறைந்திருந்தது.

அந்தக் குழுவில் மக்ஃபார்லண்டும் ஒருவர். யாரோ எழுதின அறிக்கை எண்டு நிர்வாகத்தால தட்டிவிட ஏலாது. கணக்குப் பார்த்த ஆளே முன்னால இருந்தார். மார்ச் 24 இல், குளோரோபுளோரோகாபன் உற்பத்தியைப் படிப்படியாக முழுவதுமாக நிறுத்துவோம் என்று டுபொன்ட் அறிவித்தது. உலகிலேயே அதைக் கூடுதலாகத் தயாரித்த கம்பனி அது.

இந்த 20 நாளை ஒரு தனிமனிதரின் வெற்றிக்கதையாகச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. மொலினாவும் றோலண்டும் வெளியே இருந்தார்கள். துளையைக் கண்டவர்களும் செனட்டர்களும் வெளியே இருந்தார்கள். உடன்படிக்கை ஏற்கனவே கையெழுத்தாகியிருந்தது. அந்த வாயு டுபொன்டின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 2 வீதம் மட்டுமே. உலகம் முழுக்கத் தடை வந்தால் மாற்று வாயு செய்யத் தெரிந்தவருக்கே சந்தை கிடைக்கும். இவ்வளவும் சேர்ந்த இடத்தில்தான் உள்ளே இருந்தவரின் சொல் எடுபட்டது. அதே சொல் 1981 இல் எடுபட்டிருக்குமா? எங்களுக்குச் சந்தேகம்தான்.

உள்ளிருந்து வரும் மாற்றத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கம்பனிகள் கொண்டுவந்த மாற்றுகளில் ஒன்று ஆர் 134ஏ. அது ஓசோனை அழிக்காது, ஆனால் காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைப் பிடிக்கும். அதைக் குறைக்க 2016 இல் கிகாலியில் இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. இதற்கிடையில் 1992 இல், முன்னாள் கிழக்கு ஜேர்மனியில் மூடப்படவிருந்த ஒரு ஃபிரிட்ஜ் தொழிற்சாலையோடு கிறீன்பீஸ் சேர்ந்து, ஐதரோகாபன் வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜைச் செய்து காட்டியது. எரியும், வெடிக்கும் எண்டு போட்டிக் கம்பனிகள் பயமுறுத்தின. இண்டைக்கு உங்கட வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கோ. ஆர் 600ஏ எண்டு இருந்தால், அந்த வழியில் வந்த வாயுதான் அது. அந்த யோசனையை இரசாயனக் கம்பனிகள் தரவில்லை, ஏனெண்டால் யாரும் காப்புரிமை எடுத்து விற்க முடியாத வாயு அது.

ஆகவே வேலைக்குப் போகிற நண்பர்களிடம் போக வேண்டாம் என்று சொல்லமாட்டோம். இரண்டு விசயத்தை மட்டும் முதலே கேட்டுப் பாருங்கோ. உங்கட அளவீட்டை வெளியில இருக்கிற விஞ்ஞானிகளோட சேர்ந்து சரிபார்க்க கம்பனி விடுமா? அந்தக் கம்பனியை வெளியிலிருந்து கேள்வி கேட்க யாராவது இருக்கிறார்களா? மக்ஃபார்லண்டுக்கு இரண்டும் இருந்தன. இரண்டாவதை உண்டாக்கிற வேலை, வேலைக்குப் போகாமல் வெளியில நிற்கிற எங்களுடையது.