வறுமைக் கோடும் பொய்த்த பருவமும்

உயிரோடிருக்க ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு தேவை? 1876இல் 'இந்தியாவின் வறுமை' என்ற கட்டுரையைப் பம்பாயில் வாசித்த தாதாபாய் நௌரோஜி இந்தக் கேள்விக்கு இரண்டு இடங்களில் விடை தேடினார். கடல் கடந்து சென்ற கூலிகளுக்குக் கப்பலில் வழங்கவென்று அரசு மருத்துவர் வகுத்த உணவு அளவு ஒன்று. சிறைக் கைதிகளின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் அரசு செய்த செலவு மற்றொன்று. சென்னை மாகாணத்தின் ஆண்டு உற்பத்தி தலைக்கு 18 ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். அங்கே ஒரு கைதிக்கு ஆன செலவு 53 ரூபாய். குற்றம் செய்யாத குடியானவருக்குக் கைதியின் சோறும் எட்டவில்லை.

இந்தக் கணக்கைவிட முக்கியமானது, அதில் சேராதவற்றை அவரே எடுத்துச் சொன்னது. நல்லது கெட்டதுக்கான செலவு, சமயக் கடமைகள், பருவம் பொய்த்தால் தாங்கும் சேமிப்பு ஆகிய எதற்கும் தம் அளவுகோலில் இடமில்லை என்று அவர் குறித்துவைத்தார். அதே ஆண்டில் பருவம் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவில் பல லட்சம் பேரைக் கொண்டுபோனது.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு இங்கிலாந்தின் யார்க் நகரில் வீடு வீடாகக் கணக்கெடுத்தவர் சீபோம் ரவுண்ட்ரீ. 1901இல் வெளியான அவர் நூல், நகர மக்களில் சுமார் 28 விழுக்காட்டினர் வறுமையில் வாழ்ந்ததைக் காட்டியது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அவர் வைத்த எல்லை வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ். அந்தப் பணத்தில் வாழ்பவர்கள் கடிதம் எழுதவோ செய்தித்தாள் வாங்கவோ நோய்க்கு என்று சேர்த்துவைக்கவோ முடியாது என்பதை அவரும் மறைக்கவில்லை. வறுமைக் கோட்டை வரைந்த இருவருமே அதன் குறையை அறிந்திருந்தார்கள். பின்னால் அதை எடுத்தாண்டவர்கள்தாம் அந்தக் குறிப்புகளை விட்டுவிட்டார்கள் என்பது என் வாதம்.

அமெரிக்காவில் 1960களில் மோலி ஓர்ஷான்ஸ்கி சிக்கன உணவுச் செலவை மூன்றால் பெருக்கிக் கோடு வரைந்தார். இந்தியாவில் பொருளியலாளர்கள் தாண்டேகரும் ரத்தும் 1971இல் ஒருவருக்கு நாளுக்கு 2,250 கலோரி என்பதை அடிப்படையாகக் கொண்டார்கள். உலகம் முழுவதற்குமான கோடு 1990இல்தான் வந்தது. உலக வங்கியில் பணியாற்றிய மார்ட்டின் ரவாலியனும் உடன் ஆய்வாளர்களும் ஏழை நாடுகள் தத்தமக்கு வைத்திருந்த கோடுகளைத் திரட்டி, விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்து, நாளுக்கு ஒரு டாலர் என்ற அளவுக்கு வந்தார்கள். ஆக, உலகக் கோடு என்பது மிக வறிய அரசுகள் தம் மக்களுக்குப் போதும் என்று கருதியதன் சராசரிதான்.

விலைத் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கோடு நகர்ந்தது. 2008இல் அது 1.25 டாலர் ஆனபோது, சுமார் 100 கோடி என்றிருந்த ஏழைகளின் எண்ணிக்கை 140 கோடியானது. 2015இல் 1.90, 2022இல் 2.15, 2025 ஜூனில் 3 டாலர். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் வாசகத்திலோ இன்றும் 1.25தான் இருக்கிறது.

இதனால் முன்னேற்றமே பொய் என்று முடிவுகட்டுவது தவறு. எந்தக் கோட்டை வைத்துப் பார்த்தாலும் 1990க்குப் பின் கடும் வறுமை வெகுவாகக் குறைந்திருக்கிறது. சீனாவில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் அதிலிருந்து மீண்டார்கள். 2015க்குள் வறுமை விகிதத்தைப் பாதியாக்கும் புத்தாயிரம் இலக்கு 2010 வாக்கிலேயே எட்டப்பட்டது. மனித வரலாற்றில் இதற்கு நிகரான இன்னொரு மாற்றத்தை நான் அறியேன்.

ஆனால் கோட்டைத் தாண்டியவர்களில் பலர் அதன் விளிம்பிலேயே நின்றிருந்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது, அந்த ஒரே ஆண்டில் சுமார் 7 கோடிப் பேர் மீண்டும் கீழே விழுந்தார்கள். அன்றாடச் செலவை அளந்த கணக்கு, ஒரு கெட்ட ஆண்டைத் தாங்கும் வலுவை அளக்கவில்லை. இன்று கடும் வறுமையில் இருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் வாழ்கிறார்கள். பெரும்பாலும் மானாவாரி விவசாயத்தை நம்பிய அந்த நாடுகளில் மழை தப்பினால் ஆண்டே தப்பிவிடும். வறுமை ஒழிப்பும் சுற்றுச்சூழலும் தனித்தனித் துறைகளாக இருக்க முடியாத இடம் இதுதான். சபீனா அல்கயரும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் உருவாக்கிய முறையில் அமைந்து 2010இல் வந்த பல்பரிமாண வறுமைக் குறியீடு குடிநீர், எரிபொருள், பள்ளிக் கல்வி ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தது. அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் நாளை வரக்கூடிய வறட்சி அதிலும் பதிவாகாது.

பருவம் பொய்த்தால் தாங்கும் சேமிப்பு என்று நௌரோஜி சுட்டிய அந்த விடுபட்ட இனத்துக்குக் கோடு வரைந்தவர்களைவிடத் திட்டம் வகுத்தவர்களே அருகில் வந்தார்கள். இந்தியா 2005இல் இயற்றிய, நம் கிராமங்களில் நூறு நாள் வேலை என்று அறியப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையில்லாத மாதங்களில் கூலி வேலையைக் கேட்டுப் பெறுவதை உரிமையாக்கியது. அந்தக் கூலியில் ஏரி குளங்கள் தூர்வாரப்பட்டன. அதே ஆண்டில் எத்தியோப்பியா தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம் பஞ்சம் வந்தபின் உதவி தேடும் பழைய வழக்கத்தை மாற்றி, ஆண்டுதோறும் பற்றாக்குறை மாதங்களுக்கு முன்கூட்டியே பணமோ தானியமோ ஒதுக்கியது. அதைப் பெறும் குடும்பங்கள் மலைச்சரிவுகளில் வரப்பு கட்டி, மண் அரிப்பைத் தடுத்து, மழைநீரை நிறுத்தும் வேலைகளைச் செய்கின்றன.