இறால் ஓட்டின் பயணம்

வெள்ளை இறால் கடலில் பொரிக்கும், ஏரியில் வளரும். நகத்தளவுகூட இல்லாத குஞ்சாக முகத்துவாரம் வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்குள் நுழைந்து, உவர்நீரில் தின்று கொழுக்கும். உடல் பெருக்கும்போது ஓடு போதாமல் போகும். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, மெத்தென்று ஒரு புதிய தோலோடு வெளியே வரும். அந்தத் தோல் தடித்து ஓடாகும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் குஞ்சு வரத்துக் குறைந்துவிடும். அதைத் தூர்வாரச் சொல்லிக் குப்பத்து மக்கள் விடாமல் கேட்டுவந்தது இதனால்தான்.

கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் சுத்து வலை போட ‘பாடு’ முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இருளர் பழங்குடியினர் பலர் வலையே இல்லாமல் பிடிப்பவர்கள். ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி, அகப்படும் இறாலைக் கூடைக்குள் போடுவார்கள். இறாலின் முள் குத்தி விரலெல்லாம் கிழிந்திருக்கும்.

ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிக்குப் போன இறாலில் தலையும் ஓடுமே ஏறக்குறைய பாதி எடை. வீட்டில் உரித்தால் அது குப்பைக்குப் போகும், பதப்படுத்தும் ஆலையில் மலைபோல் குவியும். அந்தக் குவியலில் ஒரு பகுதிக்குத்தான் அடுத்த பயணம் வாய்க்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஓட்டைப் பயனுள்ள பொருளாக மாற்றும் வழிமுறைகளை உருவாக்கித் தந்திருக்கிறது. நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் ஓட்டின் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோகும். காரத்தில் கொதிக்கவைத்தால் புரதம் நீங்கும். மிஞ்சும் வெளிறிய செதில்தான் கைட்டின். அதையே கடுங்காரத்தில் மீண்டும் சூடேற்றினால் கைட்டோசான். 1859-இல் பிரெஞ்சுக்காரர் ரூஜே கைட்டினைக் காரத்தில் கொதிக்கவைத்தபோது முதன்முதலாகக் கண்ட பொருள் இது.

கைட்டின் நீரில் கரையாது. கைட்டோசானோ வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் கரைந்து நேர்மின்னேற்றம் பெறும். மூக்கு, வாய் ஆகியவற்றின் உட்படலம் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் அங்கே ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டும் குணத்துக்காகத்தான் மருந்தை ஏற்றிச் செல்லும் வாகனமாக இதை ஆராய்கிறார்கள். ஏற்றிப் பார்க்கும் சரக்குகளில் ஒன்று தேனீ நஞ்சு.

தேனீ கொட்டினால் சிலருக்கு மூச்சு அடைக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். அவர்களுக்கு அந்த நஞ்சையே துளித்துளியாகக் கொடுத்து உடலைப் பழக்குவதுதான் சிகிச்சை. பல பத்தாண்டுகள் நஞ்சுக்குப் பதிலாகத் தேனீயை முழுசாக அரைத்த சாற்றைச் செலுத்திவந்தார்கள். அது வெற்று ஊசியைவிட மேலானதில்லை, தூய நஞ்சுதான் காக்கிறது என்று 1978-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் நிறுவினார்கள். மைக்ரோகிராமுக்கும் குறைவாகத் தொடங்கி 100 மைக்ரோகிராம் வரை ஏற்றுவார்கள். அது ஏறத்தாழ இரண்டு தேனீக் கொட்டுக்குச் சமம். பிறகு மாதம் ஒரு ஊசி வீதம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். ஊசியே ஒவ்வாமையைக் கிளப்பிவிடலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும்.

வலை போடும் பாடு முறை வரும் நாளில் ஊசி விழுந்தால், தேனீ ஒவ்வாமை உள்ள மீனவர் எதை விடுவார்? முறை போனால் அன்றைய வருமானம் போயிற்று, அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஊசியின் எண்ணிக்கையையும் ஆபத்தையும் குறைக்கும் ஆராய்ச்சி நகரத்து வசதிக்கானது மட்டுமல்ல என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

கைட்டோசான் கரைசலில் டிரைபாலிபாஸ்பேட் என்னும் உப்பின் கரைசலைச் சொட்டவிட்டால் இரண்டும் மின்னேற்றத்தால் பிணைந்து, சில நூறு நானோமீட்டர் அளவில் நுண்ணுருண்டைகளாகத் திரளும். நஞ்சை அதற்குள் பொதிந்துவிட்டால் ஒரே வீச்சில் வெளிவராமல் கசிந்து கசிந்து வரும். உடலின் ஒவ்வாமைச் செல்கள் அதை மொத்தமாகக் கண்டு வெகுண்டெழ வாய்ப்புக் குறைவு. நாக்கின் அடியிலோ மூக்கிலோ கொடுக்கும் வழியும் திறக்கலாம்.

ஆனால் இறாலே பலருக்கு ஒவ்வாது. அதற்குத் தலையாய காரணம் டிரோபோமயோசின் என்னும் தசைப்புரதம் என்று 1993-இல் அடையாளம் காட்டியது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. வி. சுப்பாராவ் குழு. அவர்களின் ஒவ்வாமை ஆய்வுக்கு உதவியது இதே வெள்ளை இறால். ஒரு ஒவ்வாமையைத் தீர்க்கப்போய் இன்னொன்றைக் கிளப்பிவிடக் கூடாது. ஓட்டில் ஒட்டிய சதைப்புரதம் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். கார உலையின் வேலை அவ்வளவு முக்கியம்.

நஞ்சைச் சுமக்கும் கைட்டோசான் உருண்டைகள் இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கின்றன, நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் மருந்தாகவில்லை. ஆகவே இன்று ஒருவரைத் தேனீ கொட்டி மூச்சுத் திணறினால் அவரைக் காப்பது அட்ரினலின்தான். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். விலை குறைந்த ஆம்பியூல் அது. ஏரிக்கரையின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எந்நேரமும் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும்.