ஷேட்டி, ஹென்றி

ஹென்றி ஷேட்டி சுவிட்சர்லாந்து தேசத்தவர், கட்டடச் சிற்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது அதன் புதிய கட்டடங்களுக்கு வடிவம் வகுத்தவர் இவரே. அங்கே பயின்று வெளியேறிய பல்லாயிரவருள் இவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலராயிருப்பது வருந்தத்தக்கது.

1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பாடசாலையினின்று கிளைத்து, வில்லியம் மில்லரின் காலத்தில் தென்னிந்தியாவின் தலைசிறந்த கலாசாலைகளுள் ஒன்றாகப் புகழெய்திய அந்த ஸ்தாபனம், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடைவீதிகளின் நெருக்கத்தில் இடம் போதாமல் திணறிவந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே வளாகத்தில் கூடி வாழவேண்டும் என்ற லட்சியத்துக்கு, நகரின் தெற்கே சேலையூர்க் காட்டில் 360 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கிடைத்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதால் தூரமும் ஒரு தடையாக நிற்கவில்லை. ஹாக் முதல்வராயிருந்த 1937-இல், கவர்னர் எர்ஸ்கின் பிரபு புதிய வளாகத்தைத் திறந்துவைத்தார்.

வகுப்பறைகளுக்கான பிரதான கட்டடத்தை ஓரிடத்தில் அமைத்து, சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்னும் மூன்று விடுதிகளையும் மரங்களுக்கிடையே தனித்தனியே நிறுத்திய ஏற்பாடே இவ்வளாகத்தின் உயிர்நிலை. விடுதியில் அறைக் கதவைத் திறந்தால் தாழ்வாரம். தாழ்வாரத்தை அடுத்துத் திறந்த முற்றம். முற்றத்துக்கு அப்பால் எதிர்வரிசைத் தோழனின் வாசல். நம் பழைய வீடுகளின் முற்றத்தை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் இந்த எளிய முறையில், நூற்றுக்கணக்கான இளைஞர் ஒருவரையொருவர் தினந்தோறும் முகம்பார்த்து வாழ நேர்ந்ததையே சிற்பியின் பெருஞ்சாதனை எனலாம்.

அந்தக் காட்டைப் பேணி மரம் வளர்த்த ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸைக் கல்லூரி நன்றியோடு நினைக்கிறது. அது முற்றிலும் நியாயமே. ஆயினும் அந்த மரங்களோடு இசைந்து நிற்கும் கட்டடங்களை ஆக்கியவர்க்கும் அந்நன்றியில் பங்குண்டு.

திறந்து இரண்டாண்டு நிறைவதற்குள், 1938 டிசம்பரில், சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு இவ்வளாகத்தில் கூடிற்று. சீனாவில் நடப்பதாயிருந்த அம்மாநாடு ஜப்பானியப் படையெடுப்பினால் இங்கு மாற்றப்பட்டது. கிறிஸ்தவ சமய வரலாற்று நூல்களில் அது இன்றும் தாம்பரம் மாநாடு என்றே வழங்கப்படுகிறது.